பந்தியை வாசித்து விடை தருக

முதலாம் தவணைக்கு நான் எடுத்த பந்தி
சீனம் பேசும் பிள்ளைகளைச் சோதிக்க
யாரோ எங்கேயோ எழுதி வைத்த ஆங்கிலம்.
லின் என்றொரு பெட்டை. பனி கொட்டும் இரவு.
கடைசி ரயிலைத் தவறவிட்டு
நடந்தே வீடு வருகிறாள்.
மேசையில் மூடி வைத்த கோப்பையில் சூப்.
அம்மாவின் அறையில் விளக்கு அணைகிறது.

பத்துக் கேள்வி. பதினோராம் வகுப்பு. முப்பத்தொரு பேர்.

கிதுசனுக்கு முதல் ஆறும் சரி.
எப்படியென்று எனக்குத் தெரியும்,
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்:
கேள்வியில் கிடக்கும் சொல்லைப் பந்தியில் தேடு,
அகப்பட்டால் முற்றுப்புள்ளி வரை
அப்படியே தூக்கி வை.
லின் யாரடா என்று பிறகு கேட்டேன்.
"அது இடத்துப் பேர் இல்லையா சேர்?"

ஏழாவது கேள்வி:
கடைசியில் அம்மாவின் மனநிலை என்ன?
கோபம், பயம், நிம்மதி, சலிப்பு.
நிம்மதி என்கிறது விடைப்பட்டியல்.
பத்தொன்பது பேர் கோபம் என்றார்கள்.
"பிள்ளை வந்த சத்தம் கேட்ட மறுகா
லைட்டை நூத்துப்போட்டுப் படுத்தா
வேறென்ன சேர்?
மூஞ்சியைப் பாக்க விருப்பமில்லை எண்டுதானே?"
சிவப்புப் பேனையைத் திறந்தபடி
என் அம்மாவை நினைத்துப் பார்த்தேன்.
கம்பஸ் காலத்தில் நான் பிந்தி வந்த இரவுகளில்
அவளும் அப்படித்தான் அணைத்தாள்.
எந்த விடை என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டாம் தவணைக்கு நானே எழுதினேன்.
எங்கள் ஆறு. ஒரு தோணி. தை மாதம்.
விடியப்புறம் வலை இழுக்கப்போன ஒருவர்
நாற்பது நண்டோடு கரைக்கு வருகிறார்.
ரயிலும் இல்லை, பனியும் இல்லை.
அரை மணித்தியாலம் கொடுத்தேன்,
பத்து நிமிசத்தில் தாளை மடித்துவிட்டார்கள்.
கிட்டத்தட்ட எல்லாமே சரி.
எனக்குச் சந்தோசம். ராத்திரி ஒரு சந்தேகம்.

அடுத்த நாள் பத்தாம் வகுப்புக்கு
பந்தியை வெட்டியெறிந்துவிட்டு
கேள்விகளை மட்டும் போட்டோக் கொப்பி அடித்துக் கொடுத்தேன்.
பந்தி எங்கே என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
பத்துக்கு எட்டு எடுத்தார்கள்.

அந்தக் கிழமைதான் வலயத்திலிருந்து புது அதிகாரி வந்தார்.
வரவுப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே விரலை வைத்தார்.
பிந்தியதற்குக் காரணம்: "பாதை வரவில்லை."
மூன்று இடத்தில் அதையே எழுதியிருந்தேன்.
"பாதை எப்படி மாஸ்டர் வரும்?
நீங்கள்தானே பாதையில் வர வேணும்?"
தமிழில் சிறப்புப் பட்டம் எடுத்தவர்.
இரண்டு சொல்லும் அவருக்குத் தெரிந்த சொற்கள்தான்.
குருக்கள்மடத்துத் துறையில் ஒரு நாள் அவரை நிறுத்தி
மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை, இரண்டு ஆடு
எல்லாவற்றோடும் அம்பிளாந்துறைக்கு மிதக்கிற பாதையில்
ஏற்றிவிட்டால் ஒழிய
இந்தக் கேள்விக்கு அவருக்குப் புள்ளி இல்லை.

கட்டில் கடைசித் தாள் லதுர்சிகாவுடையது.
அதைப் பாதையில் வைத்துத்தான் திருத்தினேன்,
காற்றுக்கு முழங்காலால் அமுக்கிக்கொண்டு.
நாலாவது கேள்வி: அவருக்கு எத்தனை நண்டு கிடைத்தது?
விடைக்கான கோடு வெறுமை.
ஓரத்தில் பென்சிலால், தமிழில்:
"முகத்துவாரம் வெட்டி ஆறு வத்துற நேரம்
நாப்பது நண்டு எங்கால? ஆர் சேர் இதை எழுதினது?"

முப்பத்தொரு பேரில்
பந்தியோடு சண்டை பிடித்தது இவள் ஒருத்தி.
மற்றவர்கள் நாற்பதை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.
புள்ளித்திட்டத்தைத் திரும்பவும் பார்த்தேன்.
நாற்பது என்றால் இரண்டு புள்ளி.
வேறொன்றும் எழுதியிருக்கவில்லை,
எழுதினதும் நான்தான்.

பூச்சியம் போட்டேன்.

பாதை கரை தட்டியது.
சங்கிலியைக் கொழுவிக்கொண்டிருந்த நல்லரெத்தினத்திடம் கேட்டேன்,
தை மாதம் இந்த ஆற்றில் நாற்பது நண்டு படுமா?

அவர் நிமிரவில்லை.
"எந்த வருசத்துத் தையைக் கேக்கிறீங்க?" என்றார்.